வெட்டும் மெஷின் வாங்கியாச்சு, அப்புறம்?

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மேசை மேல் இருக்கும் பெட்டியைப் பார்த்ததும் "இது பிரின்டரா?" என்றுதான் கேட்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே மைக்குப் பதில் ஒரு சின்னப் பிளேடு. கம்ப்யூட்டரிலோ போனிலோ நீங்கள் போட்ட கோட்டின் வழியே அந்தப் பிளேடு போகும். காகிதமோ ஸ்டிக்கரோ துணியோ அந்த வடிவத்தில் வெட்டுப்பட்டு வெளியே வரும். மெஷின் செய்வது அவ்வளவுதான்.

எதிர் வீட்டு அக்கா ஒருநாள், "பட்டனைத் தட்டினா எல்லாத்தையும் அதுவே பண்ணிடுமாம்மா?" என்றார். பண்ணாது, அக்கா. டிபன் பாக்ஸில் ஒட்டும் பெயர் ஸ்டிக்கருக்கு அரை மணி நேரம் ஆகிறதென்றால், அதில் மெஷின் வெட்டுவது இரண்டு நிமிடம். மீதி எல்லாம் கை வேலை: வரைவது, மேட் என்ற பசைப் பாயில் ஒட்டுவது, உரிப்பது, ஊசியால் கிள்ளி எடுப்பது. உட்கார்ந்து பூத்தொடுக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இது பிடித்துப் போகும். "சட்டுனு முடியணும்" என்பவர்கள் வீட்டில் இது மூன்றாவது மாதம் பரணுக்குப் போய்விடும். வாங்கும் முன் யோசிக்க வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை.

எந்த மெஷின்?

வீட்டு உபயோகத்துக்கு மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: கிரிகட், சிலூயட், பிரதர்.

கிரிகட் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனம். பெயரை உச்சரிப்பது கிரிக்கெட் ஆட்டத்தைச் சொல்வது போலவேதான், ஆகவே குரலால் தேடினால் ஸ்கோர் வந்து நிற்கும். இதில் ஜாய் என்பது கையடக்கமானது, நாலரை அங்குல அகலம் வரை வெட்டும். எக்ஸ்ப்ளோர், மேக்கர் இரண்டும் 12 அங்குல அகலத்துக்கானவை. 2017-ல் வந்த மேக்கர், எக்ஸ்ப்ளோரைப் போலப் பத்து மடங்கு அழுத்தம் கொடுக்கும். துணியை உருட்டி வெட்டும் வட்டப் பிளேடும், 2.4 மில்லிமீட்டர் கனம் வரை வெட்டும் கத்திப் பிளேடும் அதில் மாட்டலாம். மெல்லிய பால்சா மரப் பலகையைக்கூட வெட்டும். ஆனால் ஒரே கோட்டின் மேல் பத்துப் பதினைந்து தடவை போய் வர வேண்டும். அதற்குள் நீங்கள் சமைத்து முடித்துவிடலாம். என்னைக் கேட்டால், துணி வெட்டும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் மட்டும் மேக்கர். காகிதமும் ஸ்டிக்கரும்தான் வேலை என்றால் எக்ஸ்ப்ளோர் தாராளம்.

சிலூயட் கேமியோவும் யூட்டாவில் உள்ள இன்னொரு நிறுவனத்துடையதுதான். மெஷினைச் செய்து கொடுப்பது ஜப்பானின் கிராஃப்டெக். ஸ்டிக்கர் கடைகளில் பெரிய கட்டிங் பிளாட்டர்களைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அவற்றைச் செய்யும் நிறுவனங்களில் இதுவும் ஒன்று. பிரதரின் ஸ்கேன்-என்-கட் மெஷினில் ஸ்கேனரும் திரையும் உள்ளேயே இருக்கின்றன. குழந்தை வரைந்த யானையை அப்படியே வைத்தால், யானையின் ஓரத்தைக் கண்டுபிடித்து வெட்டிக் கொடுக்கும். கம்ப்யூட்டர் தேவையில்லை. கம்ப்யூட்டர் என்றாலே ஒதுங்குகிற பெரியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மெஷினை விட மென்பொருளைப் பார்த்து வாங்குங்கள். கிரிகட்டை இயக்க டிசைன் ஸ்பேஸ் என்ற மென்பொருளும், அதில் ஒரு கணக்கும் வேண்டும். 2021 மார்ச்சில் அந்த நிறுவனம், இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் மாதம் 20 படங்களைத்தான் ஏற்றலாம் என்று அறிவித்தது. மெஷினுக்குக் காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது சரி, ஆனால் கத்தி நம் வீட்டில், சாவி வேறு ஊரில் என்பது அன்றைக்குப் புரிந்தது. சிலூயட்டின் ஸ்டூடியோ மென்பொருள் இணையம் இல்லாமலே ஓடும். அதற்கு வேறொரு குறை: அதன் இலவசப் பதிப்பில் எல்லா வகைக் கோப்புகளும் திறக்காது. படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும், இங்கே அதிகம் புழங்கும் எஸ்விஜி கோப்புக்காகப் பலரும் கட்டணப் பதிப்புக்குப் போகிறார்கள்.

பழைய மெஷின் மலிவாக வருகிறது என்றால் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, இன்றைய மென்பொருள் அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். கிரிகட்டின் ஆரம்ப கால மெஷின்கள் கார்ட்ரிஜ் செருகி ஓடியவை. அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்த கிராஃப்ட் ரூம் என்ற மென்பொருள் 2018-ல் மூடப்பட்டது. அந்த மெஷின்கள் இன்றும் கார்ட்ரிஜில் இருக்கும் படங்களை வெட்டும். உங்கள் மகள் பெயரைத் தமிழில் வெட்டாது.

வெளிநாட்டிலிருந்து அண்ணனோ அத்தையோ வாங்கி வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கிரிகட் மெஷினின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பிளக்கின் பின்னை மாற்றினால் போதும். கூடவே, துணியில் ஸ்டிக்கர் ஒட்ட அமெரிக்காவில் விற்கும் இஸ்திரி அழுத்தியையும் ஆசையாக வாங்கி வந்துவிடாதீர்கள். அது 120 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் வாசனையோடு கதை முடிந்துவிடும். செருகும் முன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

எங்கே வைப்பது?

வெட்டும்போது மேட் முன்னும் பின்னும் போய் வரும். மெஷினுக்கு முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி காலியாக இருக்க வேண்டும். நான் முதலில் சுவரை ஒட்டிப் போட்டேன். மேட் பின்னால் போய்ச் சுவரில் முட்டி, அரை மில்லிமீட்டர் நகர்ந்து, மயிலின் கழுத்து உடம்பிலிருந்து தனியாக வந்தது. மெஷினைக் குறை சொல்லி ஒரு வாரம் கழிந்த பிறகுதான் சுவர் கண்ணில் பட்டது.

வெட்டி உரிக்கும் நேரத்தில் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. கரண்ட் போனால் பாதி வெட்டிய தாள் போனதுதான், திரும்ப அதே இடத்திலிருந்து தொடராது. இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் பாயின்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள்.

கூட வாங்க வேண்டியவை

கடைக்காரர்கள் முப்பது பொருள் கொண்ட தொகுப்பைக் காட்டுவார்கள். ஆரம்பத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: மெஷினோடு வரும் பிளேடு, மாற்று பிளேடு ஒன்று, மேட் இரண்டு, கொக்கி போன்ற உரிக்கும் ஊசி, கூர்மையான இடுக்கி, தேய்ப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. பட்டைக்குப் பதில் காலாவதியான ஏடிஎம் கார்டு அருமையாக வேலை செய்யும்.

மேட் என்பது பிசின் தடவிய பிளாஸ்டிக் பாய். அதன் மேல் காகிதத்தை ஒட்டித்தான் மெஷினுக்குள் விட வேண்டும். கிரிகட்டில் நிறத்தை வைத்துப் பிசினின் பிடியைத் தெரிந்துகொள்ளலாம்: நீலம் லேசான பிடி, மெல்லிய காகிதத்துக்கு, பச்சை நடுத்தரம், ஸ்டிக்கருக்கும் அட்டைக்கும், ஊதா அழுத்தமான பிடி, கனமானவற்றுக்கு, இளஞ்சிவப்பு துணிக்கு. நீலமும் பச்சையும் போதும். வினைல் என்பது ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தாள். அதில் ஸ்மார்ட் வினைல் என்று விற்பதை மேட் இல்லாமலே சில மாடல்களில் விடலாம். வசதிதான், ஆனால் விலை கூட.

அட்டைக்குச் சென்னையில் ஆண்டர்சன் தெரு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் நிறைந்த தெரு. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஜெராக்ஸ் காகிதம் 75, 80 ஜிஎஸ்எம். அது தோரணத்துக்கு ஆகாது, துவண்டுவிடும். 180 முதல் 220 வரை உள்ளது டேக்குக்கும் வாழ்த்து அட்டைக்கும் சரியான கனம். 300 வாங்கினால் கெட்டியாக இருக்கும், ஆனால் பிளேடும் நீங்களும் கஷ்டப்படுவீர்கள். இன்னொன்று: 12 அங்குல மேட்டில் கிரிகட் வெட்டும் பரப்பு பதினொன்றரை அங்குலம், அதாவது 29.2 சென்டிமீட்டர். ஏ4 தாளின் நீளம் 29.7. தாள் முழுக்க நிரப்பி வரைந்தால் கடைசி ஓரம் வெட்டுப்படாது.

ஸ்டிக்கர் வினைலுக்குத் தெருமுனை ஸ்டிக்கர் கடைக்காரரோடு பழகிக்கொள்ளுங்கள். வண்டிக்கு நம்பர் ஒட்டுகிறவரிடம் ரோல் ரோலாக வினைல் இருக்கும். மிச்சத் துண்டுகளை மலிவாகத் தருவார், சமயத்தில் சும்மாவே தருவார்.

முதல் வெட்டு: காகிதம்

முதல் நாளே வினைலைத் தொடாதீர்கள். ஒரு அட்டை, ஒரு சின்ன வடிவம்: இலை, மாங்காய், நடுவில் ஓட்டை போட்ட டேக். இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

மேட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை உரித்துப் பத்திரமாக வையுங்கள், வேலை முடிந்ததும் அதையே மூட வேண்டும். புது மேட்டில் பசை பேய் மாதிரி பிடிக்கும். ஒரு பருத்திச் சட்டையை நாலைந்து தடவை அழுத்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். அட்டையை மேல் இடது மூலையில் நேராக ஒட்டி, பட்டையால் ஓரங்கள் வரை தேய்த்துவிடுங்கள். காற்றுக்குமிழி இருக்கும் இடத்தில் பிளேடு அட்டையைக் கிழித்துவிடும்.

மென்பொருளில் பொருளின் வகையைக் கேட்கும். நம் ஊர் அட்டையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. கனத்தில் கிட்டத்தட்ட ஒத்ததைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் அரை அங்குலச் சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் போட்டு அதை மட்டும் வெட்டிப் பாருங்கள். வெட்டிய பிறகு மேட்டை மெஷினிலிருந்து வெளியே விடாமல், இருந்த இடத்திலேயே முக்கோணத்தின் ஒரு மூலையை ஊசியால் தூக்குங்கள். சுத்தமாக வந்தால் சரி. நார் நாராக இழுத்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது அதே கோட்டில் இன்னொரு முறை ஓடவிடுங்கள். மேட்டிலேயே ஆழமாகக் கீறல் விழுந்தால் குறையுங்கள். தாளை மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். எனக்கு அனுபவம் வந்துவிட்டது என்று இதை விட்ட நாட்களில்தான் அதிகத் தாளை வீணாக்கியிருக்கிறேன்.

மூலைகள் ஏன் சில சமயம் மழுங்குகின்றன என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிளேடு நாம் பிடிக்கும் கத்தி மாதிரி விறைப்பாக நிற்பதில்லை. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போல, இழுக்கும் பக்கம் தானே திரும்பிக்கொள்ளும்; முனை அச்சிலிருந்து மயிரிழை தள்ளியிருப்பதால்தான் அப்படித் திரும்ப முடிகிறது. கூர்மையான மூலையில் அது திரும்பக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் மூலை கூராக வரும். முனையில் தூசி அடைத்தாலும் திரும்பாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெட்டி முடிந்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, காகிதத்தை மேட்டிலிருந்து உரிப்பது. காகிதம் சுருண்டுவிடும், பிறகு எத்தனை கனமான புத்தகத்தை வைத்தாலும் நிமிராது. மேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, காகிதத்தை மேசையோடு ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மேட்டைப் பின்னுக்கு வளைத்து உரியுங்கள். காகிதம் தட்டையாக மேசையில் கிடக்கும்.

ஸ்டிக்கர்

வினைல் இரண்டு படலம் கொண்டது: மேலே நிறத்தோல், கீழே மெழுகுக் காகிதம். தோல் மட்டும் வெட்டுப்பட வேண்டும், காகிதம் பிழைக்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் பகுதி ஸ்டிக்கர் கடை அண்ணன்தான். "பின்னாடி திருப்பிப் பாரும்மா. கோடு லேசா நிழல் மாதிரி தெரியணும். கை வெச்சா தட்டக் கூடாது" என்றார். எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

ஜெர்மனியின் ஓராஃபோல் நிறுவனத்து ஒராகால் 651, 631 என்ற எண்களை எல்லோரும் சொல்வார்கள். 651 நிரந்தரப் பசை, பளபளப்பு; தண்ணீர் பாட்டில், வண்டி, வாசல் பெயர்ப் பலகைக்கு. 631 உரித்து எடுக்கக் கூடியது, மங்கல் பரப்பு, சுவருக்கு. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சுவரில் 651 ஒட்டிவிடாதீர்கள், உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும்.

வெட்டியதும் வேண்டாத பகுதியை உரித்தெடுக்க வேண்டும். இதற்கு வீடிங் என்று பெயர், அதாவது களையெடுப்பு. நிஜமாகவே நாற்றங்காலில் குனிந்து நிற்பது போலத்தான் முதுகு வலிக்கும். முதலில் வெளிப்பக்கத்தை, ஒரு மூலையிலிருந்து, தாளோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் எழுத்தும் சேர்ந்து கிளம்பும். அதன் பிறகு எழுத்துகளுக்குள் இருக்கும் சின்னத் துண்டுகளை ஊசியால் கிள்ளுங்கள். வினைலின் பின்பக்கம் டார்ச் அடித்தால் வெட்டுக் கோடு ஒளியில் தெரியும்.

மிஞ்சிய வடிவத்தின் மேல் டிரான்ஸ்ஃபர் டேப்பை ஒட்டித் தேய்த்து, மெழுகுக் காகிதத்தை அடியிலிருந்து உரித்து, பொருளின் மேல் வைத்து மறுபடி தேய்த்து, டேப்பை மட்டும் எடுக்க வேண்டும். ஒட்டும் இடத்தை ஐசோபிரைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கை சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாக நின்று பசையைப் பிடிக்கவிடாது. எவர்சில்வர் பாட்டிலில் ஒட்டியதை ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வையுங்கள். வாய் வைத்துக் குடிக்கும் விளிம்பிலும் தட்டின் உட்புறத்திலும் ஒட்டவே கூடாது; இந்த வினைல் சாப்பாட்டோடு சேர்வதற்கானது இல்லை.

தமிழில் எழுத்து வெட்டுவது

இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன். ஆங்கில வீடியோக்களில் எல்லாம் சொல்வார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

முதல் சிக்கல், எழுத்து சிதறுவது. சில மென்பொருள்களில் யூனிகோட் தமிழில் "கொ" என்று தட்டினால் கொம்பு பின்னால் போய்விடும், கால் தனியே நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி எங்கோ மிதக்கும். எழுத்துருவின் மேல் தப்பில்லை, துண்டுகளைச் சேர்த்து எழுத்தாக்க அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. பிரின்டிங் கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருப்பதன் ரகசியமும் இதுதான். பாமினியில் ஒவ்வொரு துண்டும் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் எந்த மென்பொருளிலும் போட்டது போட்ட இடத்தில் நிற்கும். பாமினித் தட்டச்சு தெரிந்தவர்கள் நேராக அதில் அடித்துவிடலாம்.

தெரியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள் இருக்கிறது. இலவசம், தமிழை ஒழுங்காகச் சேர்க்கும். அதில் பெயரை அடித்துக்கொள்ளுங்கள். பாத் மெனுவில் "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுத்தால் எழுத்து வெறும் வெளிக்கோடாக மாறும். குழுவாக வந்தால் பிரித்துவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதே மெனுவில் "யூனியன்" கொடுங்கள். இந்த இரண்டாவது அடியை மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? கொம்பும் எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் மெஷின் இரண்டு கோட்டையும் தனித்தனியாக வெட்டும். எழுத்தின் குறுக்கே கீறல் விழும். யூனியன் கொடுத்த பின் பிளெய்ன் எஸ்விஜி ஆகச் சேமித்து, மெஷினின் மென்பொருளில் ஏற்றுங்கள். அளவு மாறி வருவது சகஜம், அகலத்தைக் கையால் அடித்துச் சரிசெய்யுங்கள்.

எழுத்துருவில் பருமனானதாகப் பாருங்கள். பாலூ தம்பி எனக்குப் பிடித்தது: உருண்டை திரண்டை, மூலை குறைவு, உரிக்க எளிது. முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றின் தடித்த வகைகளும் நன்றாக வரும். இவை மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, விற்கும் பொருளிலும் போடலாம். தூரிகையால் இழுத்தது போன்ற மெல்லிய எழுத்துகள் திரையில் அழகாக இருக்கும். வினைலில் நூல் மாதிரி அறுந்து வரும்.

இரண்டாவது சிக்கல், புள்ளி. "கார்த்திக்" என்ற பெயரில் மூன்று புள்ளிகள். ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தில் அந்தப் புள்ளி கடுகளவு இருக்கும். வெளிப்பக்கத்தை உரிக்கும்போது அது உங்களுக்குத் தெரியாமலே கூடப் போய்விடும். கார்த்திக் "காரததிக" ஆகிவிடுவான். ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி குத்தினால் ஏடு பொத்துவிடும் என்று அதை விட்டுவிடுவது வழக்கம். வினைலுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் செய்வது இது: இங்க்ஸ்கேப்பில் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, விட்டம் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெரிதாக்கிவிடுவேன். உரிக்கும்போது புள்ளி அருகில் வந்ததும் நிறுத்தி, விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீதியை இழுப்பேன். முதல் முயற்சிக்கு மலர், நிலா, மாலா மாதிரி குறைந்த புள்ளியுள்ள பெயராகப் பாருங்கள். கார்த்திக் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

மூன்றாவது, சுழி. ஸ்டிக்கராக ஒட்டும்போது இது தொல்லையில்லை, வண்ணம் அடிக்கும் ஸ்டென்சிலில்தான் தொல்லை. ஸ்டென்சிலில் எழுத்து ஓட்டையாக இருக்கும். மூன்று சுழி ணகரத்தின் சுழிக்குள் இருக்கும் தீவுகள், அகரத்தின் வயிற்றுக்குள் இருப்பது, எல்லாம் பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். வண்ணம் அடித்தால் சுழிக்குப் பதில் பொட்டு. ஒவ்வொரு தீவையும் வெளியோடு இணைக்க ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் சின்னப் பாலம் போட வேண்டும்: மெல்லிய செவ்வகத்தை வரைந்து, எழுத்திலிருந்து அதைக் கழித்துவிடுங்கள்.

கோலமும் அப்படித்தான். சிக்குக் கோலத்தை ஸ்டென்சிலாக வெட்டப் போனால் புள்ளியைச் சுற்றிய ஒவ்வொரு கண்ணும் தீவு, பாலம் போட்டே கோலம் கெட்டுவிடும். அதையே ஸ்டிக்கராக வெட்டினால் ஆச்சரியமாக எளிது. இழை முழுவதும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் டிரான்ஸ்ஃபர் டேப்பில் ஒரே துண்டாகத் தூக்கிவிடலாம். இழையின் அகலம் மூன்று மில்லிமீட்டர் வையுங்கள். அப்படியும் கண்ணுக்குள் விழும் புள்ளிகள் தனித்தனிதான், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

துணியில் ஒட்டுவது

டீ-ஷர்ட்டுக்கு வேறு வினைல், சூடு காட்டினால் ஒட்டும் வகை. பளபளப்பான பிளாஸ்டிக் பக்கம் மேட்டைப் பார்க்க வேண்டும். வெட்டும் முன் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் திருப்ப வேண்டும்.

இதைத் திருப்பாமல், அண்ணன் மகள் பிறந்த நாளுக்கு ஆறு சட்டைகளை முடித்தவள் நான். முதல் சட்டையில் பார்த்திருந்தால் ஐந்து பிழைத்திருக்கும். வெட்டியது எல்லாவற்றையும் மொத்தமாக உரித்து அடுக்கிவிட்டுத்தான் பார்த்தேன். கேக் வெட்டும் வரை அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாதாரண இஸ்திரிப் பெட்டி போதும். பருத்திக்கான சூட்டில் வையுங்கள், ஆவியை நிறுத்துங்கள். பெரும்பாலான வினைலுக்கு 150 டிகிரி செல்சியஸ் அளவில் பதினைந்து வினாடி என்பது நல்ல தொடக்கம், உங்கள் ரோலில் போட்டிருப்பதையும் பாருங்கள். மெத்தென்ற இஸ்திரி மேசை இதற்கு ஆகாது, அழுத்தம் உள்ளே போய்விடும். பலகையின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டையை முதலில் ஐந்து வினாடி சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள். சென்னைக் காற்றில் காய்ந்த துணி என்று எதுவும் கிடையாது. பிறகு வினைலை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அழுத்தி நிறுத்துங்கள். தேய்க்காதீர்கள், நகர்ந்துவிடும். ஒரு நாள் கழித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கலாம்.

அச்சடித்து வெட்டுவது

வண்ணப் படத்தை வீட்டு பிரின்டரில் அச்சடித்து, அதன் ஓரத்தை மெஷினால் வெட்டுவது கொலு பொம்மைகளின் பெயர் அட்டைக்கும் பள்ளி லேபிளுக்கும் அருமை. படத்தைச் சுற்றிக் கறுப்புக் குறிகளும் அச்சாகும். மெஷினின் கண் அதைப் பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கும். பளபளப்பான தாளில் வெளிச்சம் தெறித்து அது குழம்பும். குறிகளின் மேல் மட்டும் மங்கலான செலோ டேப் ஒட்டுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கோடு எப்போதும் ஒரே பக்கம் விலகினால் மென்பொருளில் அந்த விலகலைச் சரிசெய்யும் காலிபரேஷன் இருக்கிறது, ஒருமுறை செய்துவிடுங்கள்.

பராமரிப்பு

பிளேடு முனையில் தூசி அடைந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கெட்டியான உருண்டையாக்கி, உறையிலிருந்து பிளேடை நீட்டிப் பத்து இருபது தடவை குத்துங்கள். ஒட்டியிருந்த துணுக்கு போய்விடும். அதற்கும் சரியாகாவிட்டால் புது பிளேடுதான். காகிதத்துக்கு ஒன்று, வினைலுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும்.

மேட் பிடிப்பு விட்டால் தூக்கி எறிய வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பிரஷால் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, நிழலில் நிறுத்திக் காயவிட்டால் பசை மீளும். வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். துணிக்கான இளஞ்சிவப்பு மேட்டை மட்டும் கழுவக் கூடாது. அதில் விரலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை எண்ணெய் பசையைக் கெடுக்கும்.

விற்கலாமா?

இரண்டு மாதத்தில் யாராவது கேட்பார்கள்: "வளைகாப்புக்கு டேக் பண்ணித் தர்றியா?" சந்தோஷமாகச் செய்யுங்கள், ஆனால் நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். தாளின் விலையை மட்டும் கூட்டிச் சொல்லிவிட்டு, களையெடுத்த மூன்று மணி நேரத்தை மறந்துவிடுவோம். சினிமா நடிகர் படம், கார்ட்டூன் உருவம், கிரிக்கெட் அணிச் சின்னம் எல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தம். சொந்த வீட்டுச் சுவரில் ஒட்டுவது வேறு, காசுக்கு விற்பது வேறு. மென்பொருளுக்குள் கிடைக்கும் படங்களுக்கும் தனி விதி உண்டு, படித்துவிட்டு எடுங்கள்.

எண்ணிக்கையையும் பாருங்கள். பத்திரிகை அச்சகங்களில் ஒரு வடிவத்துக்கு ஒருமுறை டை என்ற வெட்டு அச்சைச் செய்துவிட்டால், தாள்களை மளமளவென்று வெட்டித் தள்ளிவிடுவார்கள். வீட்டு மெஷினில் ஒவ்வொரு தாளையும் நாமே ஒட்டி, விட்டு, உரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர் வேண்டும், ஐம்பது டேக் வேண்டும் என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து வெட்டுவேன். ஒரே டேக் ஆயிரம் வேண்டும் என்றால் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆண்டர்சன் தெருவுக்கு பஸ் ஏறிவிடுவேன்.